பெரட்டுக் களத்துக்கு வந்த போர்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் வளைவுகளை எண்ணத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். ரிங்லெட்டைத் தாண்டியதும் காற்று குளிர்கிறது. ஹாபு பக்கம் திரும்பினால் போ தோட்டத்தின் தேயிலைச் சரிவுகள் தெரியும். வார இறுதியில் கோலாலம்பூர்க் கார்களும் சிங்கப்பூர்க் கார்களும் இங்கே நத்தையாக ஊர்கின்றன. ஒரு கையில் ஸ்ட்ராபெரிப் பொட்டலம், மறுகையில் கைப்பேசி. பச்சைச் சரிவின் முன்னே படம் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

1950களில் இதே சாலையில் வாகனங்கள் தனியாக ஏறத் துணியவில்லை. ராணுவக் காவலோடு, நேரம் குறித்து, வரிசையாகத்தான் ஏறின. அதற்கும் பத்தாண்டு முன்பு, இந்தச் சாலையின் அடிவாரத்தைக் கடந்துதான் ஜப்பானியப் படை சைக்கிள்களில் தெற்கே போனது. இருபது ஆண்டுகளுக்குள் இரண்டு போர்கள். மலேசியத் தோட்டத்து முதியவர்கள் அவற்றை இரண்டு சொற்களில் சொல்லி முடித்துவிடுவார்கள்: ‘ஜப்பான்காரன் காலம்’, ‘அவசரகாலம்’.

போர் வரலாறுகள் பெரும்பாலும் படைகளின் காலடியைப் பின்தொடர்ந்தே எழுதப்படுகின்றன. மலாயாத் தோட்டத்துக்குள் நுழையப் போருக்குப் பீரங்கி தேவைப்படவில்லை. விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டு, அவர்கள் பெயர் ஏறும் செக்ரோல், வெளியிலிருந்து வரும் அரிசி, வெளியேற ஒரே சாலை என வழி ஏற்கெனவே திறந்து கிடந்தது. துரைமார் வேலை வாங்குவதற்காக அமைத்த ஏற்பாட்டை, பின்னால் வந்த ஒவ்வொரு படையும் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது.

துரையின் மலை

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்த மலைப்பகுதிக்கு வந்தார். அவர் பெயர் மலைக்கு நிலைத்தாலும், அடுத்த நாற்பது ஆண்டுகள் காடு காடாகவே இருந்தது. 1925இல் பிரிட்டிஷ் அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் அரசு இதை மலைவாசத்தலமாக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தது. பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தோடு தொடர்புடைய தொழிலதிபர் ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தோட்டமும் வந்தது. காட்டை வெட்டித் திருத்தியதிலும் கன்று நட்டுக் கொழுந்து பறித்ததிலும் தமிழர் உழைப்பு பெரும்பங்கு.

1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலிகளை உதவிப் பயணத்தில் அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணி வழியாக ஊரிலிருந்து ஆள் வருவது நின்றது. லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருந்தவர்கள் இருந்தவர்களாகவே தங்கிப்போனார்கள். ஊரோடு அவர்களைப் பிணைத்திருந்த கயிறு கடிதமும் மணியார்டரும்தான்.

ஐரோப்பாவில் 1939இல் மூண்ட போர், ஜப்பான் வருவதற்கு முன்பே மலாயாத் தோட்டங்களைத் தொட்டுவிட்டது. ரப்பருக்கும் ஈயத்துக்கும் கிராக்கி ஏறியது. முதலாளிகளின் லாபம் ஏறிய வேகத்தில் கூலி ஏறவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் அதில் இருந்தது: துரையோ கணக்கு எழுதும் கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அரசு படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். தலைவர் ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போர்க்காலத்தில் உற்பத்தி தடைபடக்கூடாது என்பதே அரசு சொன்ன நியாயம்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் தேயிலைக்கே ரேஷன் வந்திருந்தது. 1940 ஜூலை முதல் ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 57 கிராம். அந்த ரேஷன் 1952 அக்டோபர் வரை நீடித்தது. லண்டன் சமையலறையில் கரண்டி கணக்குப் பார்த்தபோது, கொழுந்து பறிக்கும் சீமையில் கூலி கணக்குப் பார்த்தார்கள்.

பத்து வாரங்கள்

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். மாதக் கடைசியில் சண்டை கம்பாருக்கு வந்தது. அது தாப்பாவுக்குச் சற்று வடக்கே இருக்கும் ஊர். ஜனவரி 7ஆம் தேதி, தாப்பாவுக்குத் தெற்கே சிலிம் ரிவரில் 11ஆவது இந்திய டிவிஷன் நொறுங்கியது. நான்கு நாள் கழித்துக் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. கேமரன் மலைச் சாலையின் அடிவாரம் இந்த இரண்டு போர்க்களங்களுக்கும் நடுவில் இருந்தது.

மலாயாத் தோட்டங்களில் துரைமார் கிளம்பிப் போனார்கள். பங்களா காலியானது. தோட்டம் கிராணியின் கையில் வந்தது. நேற்றுவரை துரைக்கு ஆங்கிலத்தில் கணக்கு எழுதியவர், இன்று ஜப்பானிய அதிகாரிக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய ஆளானார். இந்த மாற்றம் பின்னால் உயிர்களைத் தீர்மானித்தது.

முதலில் சந்தை அறுந்தது. ரப்பரும் தேயிலையும் போய்க்கொண்டிருந்த மேற்குலகச் சந்தைகள் எதிரி நாடுகளாயின. வேலை குறைந்தது, கூலி குறைந்தது. ஊருக்குப் போகும் கடிதமும் மணியார்டரும் நின்றன. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் மலாயாப் பணத்தை நம்பியிருந்த வீடுகளுக்கு, மகனோ அண்ணனோ உயிரோடு இருக்கிறானா என்பதுகூட 1945 வரை தெரியவில்லை.

அரிசி

மலாயா தனக்குத் தேவையான அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிட்ட நாடு. பர்மாவும் சயாமும் (இன்றைய தாய்லாந்து)தான் அதன் நெற்களஞ்சியங்கள். நல்ல மண்ணெல்லாம் ரப்பருக்குப் போனதன் விலை இது. ஜப்பானியர் கப்பல்களைப் போருக்குத் திருப்பினார்கள், நேச நாடுகள் அவற்றை மூழ்கடித்தன, அரிசி வரத்து சுருங்கியது. சிங்கப்பூரில் 1941 டிசம்பரில் ஒரு பிக்கல், அதாவது அறுபது கிலோ, அரிசி 5 வெள்ளி (டாலர்). 1945 ஜூனில் அதே பிக்கல் 5,000 வெள்ளி. ஜப்பானியர் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டின் மதிப்பு அவ்வளவுதான்.

தோட்டத்து அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு ஏறியது. சர்க்கரைவள்ளியும் கீரையும் கூடச் சேர்ந்தன. ரப்பர் மரங்களை வெட்டிக் கிழங்கு நட்டார்கள். துணி கிடைக்காமல் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்ட கதை, அந்தக் காலத்தைக் கண்ட எந்தக் குடும்பத்திலும் ஒருவராவது சொல்லக்கூடியது. மலைக் குளிரில் அந்தச் சாக்கு எவ்வளவு காப்பாற்றியிருக்கும் என்பதை கேமரனில் ஓர் இரவு தங்கியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பஞ்சம் மலாயாவோடு நிற்கவில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது, அங்கிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றது. புயல், பதுக்கல், போர்க்கால விலையேற்றம், அரசின் அலட்சியம் எல்லாம் சேர்ந்து 1943இல் வங்கத்தில் சுமார் 30 லட்சம் பேர் மடிந்தார்கள். திருவிதாங்கூரும் பர்மா அரிசி இல்லாமல் தவித்தது. பர்மாவிலிருந்து கால்நடையாகக் கிளம்பிய இந்தியர்கள், தமிழர்கள் உட்பட, வழிநெடுக விழுந்தார்கள். ஐராவதி ஆற்றங்கரையில் விளைந்த நெல் ஒரே ஆண்டில் மூன்று நாடுகளின் வயிற்றைத் தீர்மானித்தது. குண்டு விழாத ஊர்களிலும் போர் ஆளைக் கொன்றது இப்படித்தான்.

சயாம்

பர்மாவில் இருக்கும் தன் படைக்குக் கடல்வழியைத் தவிர்த்துப் பொருள் அனுப்ப ஜப்பான் ஒரு ரயில் பாதை போட்டது. சயாமின் பான் பொங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். நடுவே மலையும் காடும். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. ஏறக்குறைய 60,000 நேச நாட்டுப் போர்க் கைதிகளும் இரண்டு லட்சத்தைத் தாண்டிய ஆசியத் தொழிலாளர்களும் அந்த வேலையில் தள்ளப்பட்டார்கள்.

ஆள் பிடிக்க ஜப்பானியர் முதலில் ஆசை காட்டினார்கள்: மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு. போனவர்கள் திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை. ஆசை தீர்ந்ததும் ஒதுக்கீடு வந்தது. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று உத்தரவு இறங்கும். யார் யார் என்பதைக் கிராணியும் மேற்பார்வையாளரான தண்டலும் சொல்ல வேண்டும். கூலி போடுவதற்காக எழுதிய செக்ரோல் இப்போது ஆள் பிடிக்கும் பட்டியலானது. கிராணிக்கு வேண்டாதவன், வாய் பேசுகிறவன், கேட்க நாதியற்றவன் பெயரெல்லாம் முன்னால் வந்தது என்ற கசப்பு அன்றைய தலைமுறையிடம் கடைசிவரை இருந்தது. தன் பிழைப்பையும் உயிரையும் காத்துக்கொள்ளவே கிராணி பட்டியல் கொடுத்தார் என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. அந்த ஏட்டில் பெயர் சேர்க்கவும் நீக்கவும் ஒருவருக்கு மட்டும் அதிகாரம் கொடுத்திருந்த அமைப்பு, ஜப்பானியர் வருவதற்கு முன்பே இருந்ததுதான்.

சரக்குப் பெட்டிகளில் அடைத்து நாட்கணக்கில் பயணம். பான் பொங்கில் இறங்கிப் பிறகு காட்டு நடை. கைதிகளுக்காவது ராணுவக் கட்டுப்பாடும் தங்களுக்குள் மருத்துவர்களும் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு இரண்டும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகப் புகுந்தது. மலேரியாவுக்கான கொய்னாவில் உலக உற்பத்தியின் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்தது. ஜாவாவும் அப்போது ஜப்பானின் கையில்தான். மருந்து இருந்தது, இவர்களுக்கு ஒதுக்கப்படவில்லை.

போருக்குப் பிந்திய ஒரு கணக்கின்படி மலாயாவிலிருந்து சயாமுக்குப் போனவர்கள் ஏறக்குறைய 78,000 பேர். அவர்களில் பெரும்பான்மையினர் தமிழர். இறந்தவர்கள் ஏறக்குறைய 30,000. ‘ஓடிப்போனவர்’ என்ற தலைப்பில் இன்னும் 24,000க்கு மேல். அந்தக் காட்டில் ஓடிப்போனவர் எங்கே போயிருப்பார் என்பதைக் கணக்கு சொல்வதில்லை. உண்மையான சாவு இதைவிடப் பலமடங்கு என்று தமிழரிடையே சொல்லப்படுகிறது.

ஆண்கள் போன லயங்களில் பெண்களும் பிள்ளைகளும் மிஞ்சினார்கள். கிழங்கு பறிப்பதும் காட்டு வேலையும் அவர்கள் தலையில் விழுந்தன.

இறங்காத சைக்கிள்

1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு நேதாஜி வந்தார். தோட்டத்துக்குத் தோட்டம் கூட்டம் நடந்தது. காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்த பெண்களைப் பற்றிய நினைவுகள் இன்றும் சொல்லப்படுகின்றன. சயாமுக்குப் போவதைவிட இந்திய தேசிய ராணுவத்தில் சேர்வது மேல் என்று கணக்குப் போட்டுச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கணக்கு அவர்கள் தேசப்பற்றைக் குறைத்துவிடாது. டாக்டர் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் ரப்பர் தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்றார்கள். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி அதி நாகப்பன், அன்று ஜானகி தேவர், அந்தப் படையில் அதிகாரியாக உயர்ந்தார். பின்னாளில் மலேசிய அரசியலிலும் இடம் பெற்றார்.

போர் முடிந்து 1945 செப்டம்பரில் வெள்ளையர் திரும்பினார்கள். அவர்கள் விட்டுப்போன தொழிலாளி அங்கே இல்லை. துரை ஓடியதைப் பார்த்தவன், சீருடையில் நின்று வணக்கம் வாங்கியவன், மறுபடி சைக்கிளிலிருந்து இறங்குவானா? 1946இல் மலாயா இந்திய காங்கிரஸ் தோன்றியது. அதே ஆண்டு மார்ச்சில் நேரு மலாயாவுக்கு வந்தார். கெடாவில் இளைஞர்கள் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்தார்கள். 1947இல் அது போலீஸ் மோதலில் முடிந்தது. தொழிற்சங்கங்கள் பெருகின.

மக்கள்தொகைக் கணக்கு இன்னொரு பக்கத்தைச் சொல்கிறது. 1931இல் சிங்கப்பூர் உட்பட மலாயாவில் இந்தியர் ஏறக்குறைய 6,20,000 பேர். 1947இல் 6 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. அதே காலத்தில் மலாயாவின் மொத்த மக்கள்தொகை 43 லட்சத்திலிருந்து 58 லட்சத்துக்கு உயர்ந்தது. தாயகம் திரும்பியவர்கள், 1938 தடை ஆகியவற்றோடு சயாமும் பஞ்சமும் இந்தப் பள்ளத்தில் இருக்கின்றன.

கம்பிவேலி

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் கம்யூனிஸ்ட் போராளிகளால் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது முடிந்தது 1960 ஜூலை 31இல். பிரிட்டிஷ் அரசு இதைப் போர் என்று அழைக்கவில்லை. காட்டில் நடந்தது போர்தான்.

அன்று லண்டனில் ஆண்டது அட்லியின் தொழிற்கட்சி. மலாயாவில் அவசரகாலம் வந்து 17 நாள் கழித்து, 1948 ஜூலை 5 அன்று, அதே ஆட்சி இங்கிலாந்தில் தேசியச் சுகாதாரச் சேவையைத் தொடங்கியது. போரில் குடிமக்கள் பட்ட பாட்டுக்கு அரசு கைம்மாறு செய்ய வேண்டும் என்ற எண்ணம், 1942இன் பெவரிட்ஜ் அறிக்கை வழியாக அங்கே இலவச மருத்துவமாக உருவெடுத்தது. மலாயாவில் அதே போரின் கைம்மாறு ஊரடங்கும் கைதும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை அல்ல. போரில் கடனாளியான பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்த காலனிகளில் மலாயாவின் ரப்பரும் ஈயமும் முன்னணியில் நின்றன. தோட்டம் ஓடியாக வேண்டும் என்ற அவசரத்தில் மலாயாவின் பாதுகாப்போடு பிரிட்டனின் வரவு செலவும் இருந்தது.

முதலில் தொழிற்சங்கங்கள் விழுந்தன. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த, தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டத் தொழிலாளர்களுக்கான தேசிய சங்கம் 1954இல் வந்தது. அது அரசு பொறுத்துக்கொள்ளக்கூடிய, மிதமான சங்கம். இடைப்பட்ட ஆண்டுகளில் துணிந்து பேசும் ஒரு தலைவர் வரிசையே மறைந்துபோனது.

கேமரன் மலை நடுமலைத்தொடரின் மேல் அமர்ந்திருக்கிறது. சுற்றிலும் அடர்காடு; போராளிகளுக்கும் படைக்கும் முக்கியமான இடம். 1951 அக்டோபர் 6 அன்று இதே மலைத்தொடரில், பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில், பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்காகக் கேமரனில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பர்மா போரில் வென்ற தளபதி சிலிமின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம் காட்டோரம் வாழ்ந்த சீனர்களைக் கம்பிவேலிக்குள் குடியமர்த்தியது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், 400க்கு மேற்பட்ட புதுக்கிராமங்கள். இன்று சுற்றுலாக்காரர் காய்கறி வாங்க இறங்கும் கீ ஃபார்ம், திரிங்காப், கோலா தெர்லா எல்லாம் புதுக்கிராமங்கள்தான். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களைச் சேர்த்து வேலியடைத்தார்கள். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. காட்டுக்குக் கடத்த முடியாதபடி சில இடங்களில் பொதுவில் சமைத்துச் சோறாகவே தந்தார்கள். காலையில் வாசலில் சோதனை, மாலையில் ஊரடங்கு. பெரட்டு, செக்ரோல், ஒரே சாலை என்ற பழைய ஏற்பாடு மறுபடி உதவியது. இந்த முறை பயன்படுத்தியவர் அதை அமைத்தவரே.

பழங்குடியினரான செமாய், தெமியார் மக்கள் பட்டது தனிக் கதை. காட்டிலிருந்து இழுத்து வந்து சமவெளி முகாம்களில் அடைத்தபோது நோயாலும் பழக்கமில்லாத உணவாலும் பலர் இறந்தார்கள். பிழை புரிந்தபின் அரசு காட்டுக்குள்ளேயே கோட்டைகள் கட்டிப் பள்ளியும் மருந்தும் கொண்டுபோனது. அவர்களுக்கான தனிச் சட்டம் 1954இல் வந்தது. அது பாதுகாப்புத் தந்த அளவுக்கு அவர்கள் வாழ்வின்மீது அரசின் பிடியையும் இறுக்கியது.

அவசரகாலத்தின் இன்னொரு பிள்ளை அடையாள அட்டை. போராளியையும் குடிமகனையும் பிரித்தறிய 1948இல் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். போர் போய்விட்டது, அட்டை நிலைத்துவிட்டது. பின்னாளில் அட்டையின் நிறம் நீலமா சிவப்பா என்பதே ஒருவர் குடிமகனா இல்லையா என்பதற்கு அடையாளமானது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் சிவப்பு அட்டையோடு முதுமையடைந்த தமிழர்களின் வழக்குகள் மலேசிய நாளேடுகளுக்குப் புதிதல்ல.

யார் கணக்கில்?

இன்று கேமரன் சரிவுகளில் கொழுந்து வெட்டுகிறவர்களில் வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் அதிகம். கையால் கிள்ளும் வேலை பெரும்பாலும் கத்தரிக்கும் இயந்திரத்துக்கு மாறிவிட்டது. பழைய தமிழ்க் குடும்பங்களில் பல தானா ராத்தாவுக்கும் சமவெளி நகரங்களுக்கும் இறங்கிவிட்டன. ஜப்பான்காரன் காலத்தை நேரில் கண்டவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் வெளிவந்தபோது ரயில் பாதை முடிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆவணக் காப்பகங்கள் பேசாததை மலேசியத் தமிழ் நாவலாசிரியர்கள் பேச வேண்டியிருந்தது.

போருக்குப் பின் அந்தப் பாதையின் சயாம் பகுதியைப் பிரிட்டன் சயாம் அரசுக்கு 12.5 லட்சம் பவுனுக்கு விற்றது. 2000ஆம் ஆண்டில், தூரக்கிழக்கில் ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்த தன் படையினருக்குப் பிரிட்டிஷ் அரசு ஆளுக்கு 10,000 பவுன் கொடுப்பதாக அறிவித்தது. பிரிட்டிஷ் மலாயாவின் தோட்டத்திலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தொழிலாளி அந்தப் பட்டியலில் வரவில்லை.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கைதிகள் அடக்கம். வரிசை பிசகாத வெண்கலப் பலகைகளில் பெயர், படைப்பிரிவு, வயது. அங்கிருந்து சிறிது தூரத்தில் 1944இல் ஜப்பானியப் படையே எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது. அதன் சுற்றுச்சுவரில் பதித்த கல்வெட்டு மொழிகளில் தமிழும் ஒன்று. அதில் எந்தத் தொழிலாளியின் பெயரும் இல்லை. தினமும் விடியுமுன் பெரட்டில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, அரைநாளா முழுநாளா என்று ஏட்டில் குறிக்கப்பட்ட மனிதர்கள் அவர்கள். சயாமில் இறந்த தமிழர் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒருமித்த எண் கிடையாது.